சேவல் எடுத்த படையல்

உரும்பிராயில் வசிக்கும் அன்பும் மதிப்பும் மிக்க அண்ணை தம்பிஐயா அவர்களுக்கு,

நான் நலம். தங்கள் நலமும், அண்ணியின் முழங்காலின் நலமும் அறிய ஆவல்.

மகள் உதயகலாவிடம் கேமன் தீவுக்கு வந்த இடத்தில் ஆடி அமாவாசையும் வந்துவிட்டது. கீரிமலைத் தீர்த்தம் இல்லாவிட்டாலும் கடல் கடல்தானே என்று அவள் என்னை ஒரு கடற்கரைப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றாள். அமைதியான இடம். மரநிழலில் மேசைகள், குளிக்கக் குழாய், குழந்தைகளுக்கு ஏற்ற முழங்காலளவுத் தண்ணீர். அதிலேயே நானும் மூழ்கினேன். மூழ்குவதற்குப் படுக்க வேண்டியிருந்தது. விளையாட்டென்று எண்ணி இரண்டு சிறுவர்களும் என்னருகில் படுத்தார்கள். பிறகு காலஞ்சென்ற நம் தகப்பனார் ஐயாவுக்கு வாழையிலையில் படைத்து (விரதக் கறிக்குக் காத்தோட்டங்காய் கிடைக்காததால் பாவற்காய்தான்) வழக்கப்படி காகத்தைக் கூப்பிட்டேன். எனக்கு மூச்சுத் திணறுகிறதென்று பக்கத்து மேசைப் பெண்மணி தண்ணீர்ப் போத்தலுடன் ஓடிவந்தார். காகம் வரவில்லை. வந்தது ஒரு சேவல். அங்கே கோழிகள் சொந்தக்காரர் இல்லாமல் திரிகின்றன. நான் "சூ" என்றேன். அது என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இலையில் ஏறியது.

"அப்பா, அது திண்டிட்டுது. இனி நீங்கள் சாப்பிடுங்கோ."

"காகம் எடுக்கேல்லையே, பிள்ளை."

"கோழியும் பறவைதானே. சீனி வருத்தக்காரன் பசியிலை மயங்கி விழுந்தா ஆர் தூக்கிறது?"

"ஐயாவுக்குக் கோழியைக் கண்ணிலை காட்டேலாது. தோட்டத்துக்கை வந்தா மண்வெட்டியோடை கலைப்பார்."

"அப்ப இண்டைக்கு ரெண்டுபேரும் சமாதானமாப் போட்டினம் எண்டு நினையுங்கோ."

நான் சாப்பிட்டுவிட்டேன், அண்ணை. இரண்டாம் முறையும் சோறு வாங்கினேன். அன்றிலிருந்து நித்திரை இல்லை. வெங்காயப் பாத்தியைக் கிளறிய கோழிகளைக் காலமெல்லாம் விரட்டியவரின் பங்கை ஒரு கோழிக்கே கொடுத்து, அவரைப் பட்டினி போட்டுவிட்டேனோ? தயவுசெய்து கோயில் ஐயரிடம் கேளுங்கள். ஐயா பசியோடு இருக்கிறார் என்றால் என் பெயரில் அங்கே மறுபடி படைத்துவிடுங்கள். தங்கள் பதில் வரும்வரை, சேவல் கூவும்போதெல்லாம் நான் எழுந்து நிற்கிறேன்.

நல்லூரான் தங்களுக்கு நீண்ட ஆயுளும், அண்ணிக்குப் படியேறும் வலுவும் தரட்டும்.

பணிவுள்ள தம்பி,
பொன்னம்பலம்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது உதயகலா அன்று எடுத்த படத்தைக் காட்டினாள். சோறு, பருப்பு, பூசணிக்காய், வடை எல்லாம் முடிந்திருக்கின்றன. பாவற்காய் மட்டும் இலைக்கு வெளியே தள்ளப்பட்டுக் கிடக்கிறது. நம் வீட்டில் அப்படித் தள்ளியவர் ஒருவர்தான். ஆகவே மறுபடி படைக்க வேண்டாம். ஐயா வயிறாறச் சாப்பிட்டிருக்கிறார். நான் அவரைச் "சூ" என்றதற்கு என்ன பரிகாரம் என்று மட்டும் ஐயரிடம் கேட்டு எழுதவும்.