கரடியின் பேட்ஜ்

பேட்ஜைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நாலடி நடந்த பிறகுதான் நெவெனா அதைப் படித்துப் பார்த்தாள். 'கரடி' என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது.

விறுவிறுவென்று வரவேற்பு மேஜைக்குத் திரும்பினாள்.

“மேடம், இது என்னுது இல்ல. என் பேரு நெவெனா. ருஸேலேருந்து வர்றேன்.”

மேஜைக்குப் பின்னால் இருந்த யோர்டான்கா என்ற பெண்மணி தலையை நிமிர்த்தினாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். முகத்தில் மட்டும் ஏனோ அப்படியொரு நிம்மதி.

“அடடா, மாறிப் போச்சா? பிரிண்டரை இப்பத்தான் மூட்டை கட்டினோம். இன்னைக்கு ஒரு நாள் இதையே போட்டுக்கோங்களேன்.”

“வேற எந்தப் பேரா இருந்தாலும் போட்டுக்குவேன். இதைப் போட மாட்டேன்.”

“பேட்ஜ் இல்லாம உள்ள விட மாட்டாங்க. சாப்பாடும் கிடையாது.”

பல்கேரியாவில் ருஸேயிலிருந்து வர்னாவுக்கு வெறும் வயிற்றில் பஸ் ஏறி வந்தவள் நெவெனா. உள்ளேயிருந்து சூடான பனிட்சா அப்பத்தின் பாலாடைக்கட்டி வாசனை வேறு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுக்கொண்டாள்.

கரடி மேல் அவளுக்கு இருந்த ஆத்திரத்துக்குக் காரணம் உண்டு. இணையதளம் கட்டுகிறவர்களுக்கென்று 'துக்லா' என்றொரு இலவச மென்பொருள் இருக்கிறது. செங்கல் என்று அர்த்தம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கோளாறு இருந்தால் திருத்தியும் அனுப்பலாம். அனுப்பிய திருத்தத்தைச் சேர்ப்பதா, தள்ளுவதா என்று ஒருவர் தீர்மானிப்பார். நாள்காட்டிப் பகுதிக்கு அப்படித் தீர்மானிக்கிறவர்தான் கரடி. நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. நெவெனா அனுப்பிய திருத்தத்தையெல்லாம் “இன்னும் யோசியுங்கள்” என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பியவர்.

ருஸேயின் மிருக வைத்தியருக்கு அவள்தான் இணையதளம் கட்டிக் கொடுத்திருந்தாள். குளிர்காலத்துக்கென்று நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பி வைக்கும்போதெல்லாம் அங்கே முன்பதிவு நேரம் தாறுமாறாகிவிடும். நாயும் பூனையும் ஒரே நேரத்தில் வந்து இறங்கி, வைத்தியரின் அறை போர்க்களமாகும். “அடுத்த தடவையும் இப்படி ஆச்சுன்னா உன் சகவாசமே வேண்டாம்” என்று வைத்தியர் சொல்லிவிட்டார். கரடியை நேரில் பிடித்து நாலு வார்த்தை கேட்கத்தான் நெவெனா துக்லாக்காரர்களின் இந்தப் பால்கன் வட்டார மாநாட்டுக்கே கிளம்பி வந்திருந்தாள்.

உள்ளே நுழைந்ததும் பேட்ஜைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். வெற்றுப் பக்கம் வெளியே தெரிந்தது. பிரச்சினை தீர்ந்தது என்று ஒரு தட்டில் பனிட்சாவை எடுத்தாள்.

“உங்க பேட்ஜ் திரும்பியிருக்கு பாருங்க” என்று ஒரு நெட்டை மனிதர் அன்பாக அதைப் புரட்டிவிட்டார். படித்தார். அவர் கையிலிருந்த காப்பி தளும்பியது.

“கரடி! நீங்களா?”

“ஐயோ, கத்தாதீங்க. நான் கரடி இல்ல.”

“கரடி வேற எப்படிப் பேசும்?” என்று அவர் சிரித்தார். “நான் ஹோரியா. ருமேனியா. ரெண்டு வருஷம் முன்னாடி எவ்வளவு அன்பா பதில் போட்டுட்டிருந்தீங்க! திடீர்னு என்ன ஆச்சு? வீட்ல ஏதாவது பிரச்சினையா?”

“வீட்ல ஒண்ணும் இல்ல. நான் அந்த ஆள் இல்லைங்கறேன்.”

“சரி, சரி. என் திருத்தத்தை மட்டும் கொஞ்சம் பாருங்க. வசந்தத்துல அனுப்பினது. இன்னும் அப்படியே கிடக்கு.”

ஆளை நகர்த்தினால் போதும் என்று நினைத்து நெவெனா சொன்னாள், “பாக்கறேன். கண்டிப்பா பாக்கறேன்.”

அங்கேதான் தப்பு செய்தாள். ஹோரியா நகர்ந்தார், நகர்ந்து போய்க் கூட்டத்தோடு திரும்பி வந்தார். “கரடி இன்னைக்கு நல்ல மனநிலைல இருக்கு. வாங்க, வாங்க!”

வரிசை நின்றுவிட்டது. ஒருவர் கையைப் பிடித்து அழுதார். ஒரு பெண் கன்னத்தில் முத்தமிட்டாள். இன்னொருத்தி, “நீங்க என் திருத்தத்தைத் தள்ளின அன்னைக்கு என் புருஷன்கிட்ட சண்டை போட்டேன். அவர் இன்னும் அம்மா வீட்லதான் இருக்காரு” என்றாள். நெவெனா எல்லோருக்கும் “பாக்கறேன், பாக்கறேன்” என்றாள். பனிட்சா ஆறிப் போனது. தான் யார், எதற்கு வந்தோம் என்பதே அவளுக்குக் குழம்பத் தொடங்கியது. நடுநடுவே யாரோ இருவர் அவளைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த மாதிரியும் இருந்தது.

வரிசையிலிருந்து நழுவி, மாநாட்டை நடத்துகிற பிளாமெனைத் தேடிப் பிடித்தாள். தாடிக்காரர். எதற்கும் பதறாத ரகம்.

“சார், நீங்களாவது சொல்லுங்க இவங்ககிட்ட. என் பேரு நெவெனா.”

“நெவெனாவா? ருஸே நெவெனா?” பிளாமென் புருவத்தை உயர்த்தினார். “கரடிக்கு அப்படிக் காரசாரமா எழுதறது நீங்கதானா? 'உங்கள் மூளையையும் ஒருமுறை புதுப்பித்துப் பாருங்கள்'னு எழுதினது?”

நெவெனாவின் காது சிவந்தது. “கோவத்துல எழுதினது.”

“நல்லா இருந்துச்சு. சிரிச்சுட்டே படிச்சோம்.”

“அது கிடக்கட்டும். நிஜக் கரடி எங்க?”

“மேடைல கேள்வி நேரம் ஆரம்பிக்கப் போகுது. கரடி நாற்காலி காலியா இருந்தா இவங்க என்னைத்தான் குதறுவாங்க. கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்க. யாராவது ஏதாவது கேட்டா 'பாக்கறேன்'னு சொல்லுங்க.”

“அதைத்தானே காலைலேருந்து சொல்லிட்டிருக்கேன்!”

“அப்ப பழகிடுச்சு, வாங்க” என்று முழங்கையைப் பிடித்து மேடையேற்றிவிட்டார்.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. முதல் கேள்வியை ஹோரியாவே கேட்டார்.

“நாள்காட்டி நேரக் கோளாறுக்கு அந்த ருஸேக்காரி ஒரு திருத்தம் அனுப்பியிருக்காங்களே, அதை ஏன் ஏத்துக்க மாட்டேங்கறீங்க?”

நெவெனாவுக்கு உள்ளுக்குள் மத்தாப்பு பூத்தது. இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா? மைக்கை இழுத்துக்கொண்டாள்.

“அருமையான திருத்தம். அந்தம்மா கெட்டிக்காரி. இவ்வளவு நாள் அதைத் தள்ளினது என்னோட முட்டாள்தனம். இப்பவே, இந்த நிமிஷமே ஏத்துக்கறேன்!”

மண்டபம் அதிர்ந்தது. பின்வரிசையில் ஒரு குட்டை மனிதர் மட்டும் கையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

“மிலுதின், நிஷ் ஊரு, செர்பியா. நான் பஸ் டிக்கெட் தளம் நடத்தறேன். அந்தத் திருத்தம் எல்லா ஊருக்கும் பல்கேரிய நேரத்தைப் போட்டுடுதே, கவனிச்சீங்களா? எங்க நேரம் ஒரு மணி பின்னாடி. எட்டு மணி பஸ்ஸுக்கு ஒன்பதுன்னு காட்டும். பஸ் போன பிறகு பயணி பெட்டியோட வந்து நிப்பான். என்னைத்தான் அடிப்பான்.”

நெவெனா மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அவர் சொன்னது முழுக்கச் சரி. ருஸே நாய்களைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தவள், நிஷ் பயணியை ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

“எங்க ஊர்ல பஸ்ஸைத் தவறவிட்டா அடுத்தது சாயங்காலம்தான்” என்றார் மிலுதின், பாவமாக.

மண்டபமே அவளைப் பார்த்தது. அவள் தொண்டையைச் செருமினாள். தன் நாக்கிலிருந்து வரும் என்று கனவிலும் நினைக்காத வார்த்தை வந்தது.

“அந்த ருஸேக்காரிகிட்ட… இன்னும் யோசிக்கச் சொல்லுங்க.”

அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். “கரடின்னா இதுதான்யா கரடி!” என்று யாரோ கத்தினார்கள்.

மேடையிலிருந்து இறங்கியதும் மிலுதினைத் தனியே பிடித்து, ஒவ்வொரு ஊருக்கும் அந்தந்த ஊர் நேரத்தை எப்படிச் சேர்ப்பது என்று கேட்டாள். அவர் காகிதக் கைக்குட்டையில் வரைந்து காட்டினார். அட, இவ்வளவுதானா! இதை அந்தக் கரடி விவரமாக ஒரு வரி எழுதியிருந்தால் என்னவாம் என்று முதலில் எரிச்சல் வந்தது. காலையில் நின்ற வரிசை ஞாபகம் வந்தது. தினமும் அப்படியொரு வரிசை கடிதத்தில் நின்றால், மனிதன் ஒரே வரியில்தான் பதில் போடுவான். முதல் தடவையாகக் கரடி மேல் அவளுக்குக் கொஞ்சம் இரக்கம் பிறந்தது.

கூட்டம் கலைந்தபோது அவள் நேராக வரவேற்பு மேஜைக்கு நடந்தாள். யோர்டான்கா கோட்டைப் போட்டுக்கொண்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி கிளம்பிக்கொண்டிருந்தாள்.

“இந்தாங்க உங்க பேட்ஜ்” என்று நீட்டினாள் நெவெனா. “நிஜக் கரடி வந்தா குடுத்துடுங்க. பாவம் அந்த ஆளு. நான் திட்டினதுக்கு மன்னிப்புக் கேட்டேன்னும் சொல்லுங்க.”

யோர்டான்கா இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் நுழைத்துக்கொண்டாள்.

“மன்னிச்சாச்சு. ரெண்டு வருஷம் முன்னாடி, போன மாநாட்டுல நானும் இப்படித்தாம்மா, 'பேட்ஜை மாத்திக் குடுத்துட்டீங்க'ன்னு சொல்லிட்டுத் திருப்பிக் குடுக்க வந்தேன்.”