ஜெர்மனிக்குச் சமமான முப்பது சீட்டு

சார், உங்க பேரைச் சொல்ல மாட்டேன். ஆனா என் பொண்ணு சுவேதாவோட பிசிக்ஸ் சீட்டைத் தின்னது நீங்கதான்.

நடந்ததை ஊரும் கேட்கட்டும். நான் முனிராஜ். சிப்காட் கம்பெனிகள் கழித்துப்போடும் பழைய லேத் மெஷின்களை வாங்கி விற்கிறவன். எவன் என்ன விலை சொன்னாலும் மறுவிலை கேட்காமல் எழுந்ததில்லை. மூத்தவன் விமல்ராஜ் இங்குள்ள அரசுக் கல்லூரியில் படிக்கிறான். அதனால் என்னைப் பெற்றோர் பிரதிநிதியாகப் போட்டிருந்தார்கள். சுவேதா பிளஸ் டூ முடித்து, அதே கல்லூரியில் பிசிக்ஸ்தான் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

பிரின்சிபால் விஜயகுமார் கூட்டம் போட்டார். ஜெர்மனிக்குப் போய் ஆராய்ந்து திரும்பிய உயர்கல்விச் செலவின ஒப்பீட்டுச் சிறப்பு அலுவலராகிய தாங்கள் வருகை தந்தீர்கள். திரையில் இரண்டு கம்பம் காட்டினீர்கள். ஒரு மாணவருக்கு ஜெர்மனி அரசு செய்யும் செலவு செல்போன் டவர் உயரம். நம்முடையது அந்த டவரின் அடியில் இருக்கிற போல்ட்டு. இந்த அவமானத்தை இந்த ஆண்டே துடைப்போம் என்றீர்கள். லேபுக்குப் புது சாமான் வரப்போகிறது என்று நாங்கள் கை தட்டினோம்.

அப்புறம்தான் வழியைச் சொன்னீர்கள். செலவைக் கூட்ட நிதித்துறை சம்மதிக்க வேண்டுமாம். மாணவரைக் குறைக்கத் தங்கள் கையெழுத்தே போதுமாம்.

மத்திகிரி சாந்தம்மாவுக்குப் புரியவில்லை. அந்தம்மா மகனும் அங்கேதான் படிக்கிறான். எழுந்து கேட்டுவிட்டது. தாங்கள் பொறுமையாக விளக்கினீர்கள்.

"ஒரு கிடா வெட்டறீங்க. நூறு பேர் சாப்பிட்டா?"

"ஆளுக்கு ஒரு துண்டு வரும் சார்."

"பத்து பேர் சாப்பிட்டா?"

"வயிறு முட்டத் திங்கலாம்."

"அதாம்மா ஜெர்மனி."

"மிச்ச தொண்ணூறு பேரு?"

"அவங்க கணக்குலயே வரமாட்டாங்க."

பிரின்சிபால் பயபக்தியோடு தலையாட்டினார். பிசிக்ஸில் இருக்கிற அறுபது சீட்டைப் பதினைந்து ஆக்கலாம் என்றீர்கள்.

எண் காதில் விழுந்ததும் எனக்கு ரத்தம் சூடாகிவிட்டது. பதினைந்தா, இதென்ன அநியாயம் என்று மேசையைத் தட்டி நாற்பது கேட்டேன். தாங்கள் இருபதுக்கு வந்தீர்கள். துண்டை உதறித் தோளில் போட்டு வாசல்வரை நடந்தேன். தொழில் அப்படி. கூப்பிட்டீர்கள். முப்பதில் முடித்துக் கை கொடுத்தேன். மண்டபமே கை தட்டியது. அண்ணன் மட்டும் இல்லேன்னா பதினஞ்சோட போயிருக்கும் என்று சாந்தம்மா கண் கலங்கியது. 'பெற்றோரின் ஏகமனதான வேண்டுகோளுக்கிணங்க' என்று தீர்மானம் எழுதினார்கள்.

கலந்தாய்வுக்குப் போன சுவேதா வெறுங்கையோடு திரும்பினாள். முப்பதும் அவள் முறை வருமுன்பே நிரம்பிவிட்டதாம். அந்த ஆபீசர் சொன்ன பதினஞ்சை ரெட்டிப்பாக்கினவன்டி உங்கப்பன் என்று ஆறுதல் சொன்னேன்.

"அப்பா, அறுபதும் நம்மளுதுதானே? நம்ம பொருளுக்கே எதுக்கு நீ பேரம் பேசின?"

துண்டை உதறித் தோளில் போட்டு வாசல்வரை நடந்தேன்; இந்தத் தடவை யாரும் கூப்பிடவில்லை.

இப்போது தங்கள் திரையில் நம் கம்பம் இரண்டு பங்கு வளர்ந்திருக்கிறது. தங்களுக்குப் பாராட்டுச் சான்றிதழ் வந்ததாகவும் கேள்வி. அடுத்த ஆண்டு பதினைந்து, அதற்கடுத்து ஐந்து, பிறகு ஒருவரும் இல்லாமல் உலகத்திலேயே முதலிடம் என்று திட்டம் போட்டிருக்கிறீர்களாம். பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்று சொல்ல ஆளில்லை. கணக்கு வாத்தியார் போஸ்ட் காலி.

திங்கட்கிழமை செல்போன் கம்பெனி வேன் சுவேதாவை வேலைக்கு ஏற்றிப்போக வருகிறது. அன்றைக்குக் கூட்டத்தில் கை தட்டின எங்கள் தெருக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகளும் அதே வேனில்தான்.

ஜெர்மனியை விடுங்க சார். போன வருசம் இருந்த எங்க கல்லூரியோட ஒப்பிட்டுப் பாருங்க, போதும். அந்த வேன் வர்றதுக்குள்ள அறுபதையும் திருப்பி வைங்க. இருபது, முப்பதுன்னு ஆரம்பிக்காதீங்க. ஆரம்பிச்சா நான் மறுபடியும் பேசிடுவேன்.