கொப்பரைச் சாக்கும் கம்ப்யூட்டர் கடிவாளமும்

ஆவணி மாதம் ஒரு புதன்கிழமை நான் ஒரு முடிவு எடுத்தேன். இனிமேல் யார் எதைக் கேட்டாலும் மனசுக்குள் பத்து எண்ணிவிட்டுத்தான் வாயைத் திறப்பது.

ஆலங்குடியில் என்னைத் தெரிந்தவர்கள் நம்பவில்லை. தேங்காய் வியாபாரி சோலையப்பன் கேள்வி முடிவதற்குள் பதிலும், பதில் முடிவதற்குள் சண்டையும் போடுகிற ஆள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. மீதியைச் சந்தையில் அடிபட்டுப் படித்தேன். கோபம் குறைந்துவிட்டது, வயசாகுதுல்ல என்று பேசிக்கொண்டார்கள். வயசு இல்லை. காரணம் என் மனைவியின் கம்ப்யூட்டர்.

திலகவதி வீட்டு முன்னறையில் ஆன்லைன் சென்டர் வைத்திருக்கிறாள். பட்டா, ரேஷன் கார்டு, பரீட்சை விண்ணப்பம் எல்லாம் உண்டு. பாதி ஊரின் ஆதார் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. ஆடி மாதம் அதற்கு ஏதோ செக்யூரிட்டி அப்டேட் போட்டாள். அன்றைக்குப் படுத்த பெட்டி எழுந்திருக்கவே இல்லை. ஒரு பட்டா திறக்கிற நேரத்தில் நான் ஒரு லோடு காயை உரித்துவிடுவேன். வாசலில் நின்ற கூட்டம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சென்டருக்கு நகர ஆரம்பித்தது.

“அந்த அப்டேட்டப் பிடுங்கி எறிய வேண்டியதுதானே.”

“எறியலாம். திருடன் வந்தா நீங்க காவலுக்குப் படுப்பீங்களா?”

“பெட்டிக்குள்ள எங்கிட்டு வருவான் திருடன்?”

விளக்கினாள். உள்ளே பிராசசர் என்று ஒன்று இருக்கிறது. நாம் அடுத்து என்ன கேட்போம் என்று ஊகித்து, கேட்பதற்கு முன்பே எடுத்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் அத்தனை வேகம். திருடன் உள்ளே நுழைவதே இல்லை. வெளியே இருந்து ஒவ்வொன்றாகக் கேட்பான். எந்தப் பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளப்பான். அந்த வித்தியாசத்தை வைத்தே உள்ளே இருக்கிற ரகசியத்தை எடுத்துவிடுவான். அதனால் ஊகிக்கிற வேலைக்கு அப்டேட் ஒரு கடிவாளம் போட்டிருக்கிறது. பெட்டி பத்திரமானது. வேகம் போனது.

“புதுசுல கடிவாளம் பிராசசரோடயே வருது. இவ்வளவு இழுக்காது. ஒண்ணு வாங்கணும்.”

“பணம் பூராவும் காயில கெடக்கு திலகா. கையில ஒண்ணுமில்ல.”

பொய்தான். ஒரு பழைய லோடு வேன் மேல் எனக்கு இரண்டு வருஷமாகக் கண். அதற்கான பணம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. என் முகத்தைப் பார்த்து என் கடைசி விலையைக் கண்டுபிடித்த தோப்புக்காரன் இந்த ஜில்லாவில் கிடையாது. இவள் எம்மாத்திரம் என்று இருந்தேன்.

அந்தப் புதன்கிழமை மத்தியானம் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே ஆரம்பித்தாள்.

“பணத்த பீரோவுலயா வச்சிருக்கீங்க?”

“இல்ல.”

“பரண்ல?”

“இல்லங்கிறேன்ல.”

“சாமி ரூம்ல?”

“இல்ல.”

“கொப்பரைச் சாக்குல?”

“...இல்ல. என்ன, போலீஸ் விசாரணையா?”

கத்தியை வைத்துவிட்டு எழுந்து போனாள். பணக்கட்டோடு திரும்பி வந்தாள்.

“ஒங்க முகத்த நான் பாக்கவே இல்லைங்க. காய்தான் நறுக்கினேன். மூணு ‘இல்ல’ கேட்டு முடிக்கிறதுக்குள்ள வந்துச்சு. நாலாவது வாரதுக்குள்ள ரெண்டு அவரைக்காய் நறுக்கிட்டேன்.”

பணக்கட்டை என் மடியில் வைத்தாள்.

“நான் எடுத்தா அது திருட்டு. நீங்க குடுத்தாத்தான் கம்ப்யூட்டர்.”

அன்று எடுத்த முடிவுதான் பத்து. எல்லாக் கேள்விக்கும் ஒரே நேரம் எடுத்துக்கொண்டால் அவள் எதை அளப்பாள்? பணத்தையும் தவிட்டு மூட்டைக்கு மாற்றினேன். பெரிய கம்பெனிக்காரர்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து யோசித்ததை நான் ஒரு பீடி அணைவதற்குள் யோசித்துவிட்டேன் என்று பெருமையாக இருந்தது.

பெருமை ஒரு வாரம் தாங்கியது. “குழம்பு ஊத்தவா?” என்பாள். நான் பத்துக்கு வரும்போது சட்டி அடுப்படிக்குத் திரும்பியிருக்கும். கறம்பக்குடியில் ரெங்கசாமி தோப்பு. பதினைந்து வருஷப் பழக்கம்.

“காய் என்ன வெலைக்கு எடுக்குறீக?”

நான் ஆறில் இருந்தபோது பக்கத்தில் நின்ற வியாபாரி விலை சொன்னான். எட்டில் அவர்கள் கைகொடுத்துக்கொண்டார்கள். பத்தில் நான் சொன்ன விலை அதைவிட நல்ல விலை. ரெங்கசாமி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“ஒடம்புக்கு எதுவும் சரியில்லையா சோலையப்பா?”

அதற்கும் பத்து எண்ணினேன். மாதம் முடிவதற்குள் நாலு தோப்புக் காய் வேறு வியாபாரிகளுக்குப் போனது. ரகசியம் பத்திரமாக இருந்தது. வியாபாரம்தான் நின்றிருந்தது.

போன சனிக்கிழமை காலையில் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அறந்தாங்கியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஜஸ்டின். பின்சீட்டில் பெரிய அட்டைப்பெட்டி. யாரைக் கேட்டு வந்தாய் என்று கத்துவதற்கு நான் மூச்சை இழுத்தேன். அதற்குள் திலகவதி முந்திக்கொண்டாள்.

“ஏங்க, பணம் இப்ப தவிட்டு மூட்டையிலதானே இருக்கு?”

அங்கேதான் இருந்தது. உடனே பேசினாலும் மாட்டிக்கொள்வேன், தயங்கினாலும் மாட்டிக்கொள்வேன். நிதானமாக எண்ண ஆரம்பித்தேன். ஒன்று.

“எறக்குங்க தம்பி,” என்றாள் ஜஸ்டினிடம்.

இரண்டு. மூன்று. அவன் கயிற்றை அவிழ்த்தான். எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. சரக்கு வண்டியில் இருக்கும்வரை வேண்டாம் என்று சொல்லலாம். தரையைத் தொட்டுவிட்டால் வாங்கியதாகத்தான் கணக்கு. அந்த முறையைச் சொல்லியே எத்தனையோ பேர் தலையில் நான் சொத்தைக் காயைக் கட்டியிருக்கிறேன். நான்கு. ஐந்து.

ஜஸ்டின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, கீழே வைக்காமல் என் முகத்தையே பார்த்தபடி நின்றான்.

“அக்கா, அண்ணே ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறாரே.”

“அவுகளுக்கு அப்டேட் ஓடிக்கிட்டிருக்கு தம்பி. நீங்க எறக்குங்க.”

பெட்டி தரையைத் தொட்டபோது நான் ஏழில் இருந்தேன்.