முழு வாக்கியம் பேசினால்தான் ஓடலாமாம்

போர்ட் அகஸ்டா,
செப்டம்பர் 23.

அன்பு மகள் ஜெனைனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் பின்பக்க வேலியும் தண்ணீர்த் தொட்டியும் பெரிய சேதமில்லாமல் இருக்கிறோம். லான்செஸ்டன் குளிரில் நீயும் இருமலில்லாமல் இருப்பாய் என்று நம்பி மேற்கொண்டு எழுதுகிறேன். போனில் பேசினால் மழை பெய்ததா, காற்று அடித்ததா என்பதோடு நமக்கு முடிந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். என் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய ஓட்டக் காலணிகளை இந்தப் பார்சலிலேயே திருப்பி அனுப்புகிறேன். கோபித்துக்கொள்ளாதே. ஓட்டத்தை விட்டுவிட்டேன். ஏன் என்று கீழே எழுதியிருக்கிறேன், படித்துவிட்டு நீயே சொல்.

இதய டாக்டர் நடக்கத்தான் சொன்னார். ஓடச் சொன்னது நீ. சரி, பெண் சொல்கிறாளே என்று ஒரு திங்கட்கிழமை காலை அந்தக் காலணியை மாட்டினேன். தண்டவாளத்தில் வேலை செய்கிறவன் போடும் சட்டை நிறம் அது, அரை மைலுக்கு அப்பால் இருப்பவனுக்கும் கண் கூசும். ஒன்றரை கிலோமீட்டர் நீளச் சரக்கு ரயிலை முப்பத்தாறு வருஷம் ஓட்டியவன் நான். மெதுவாக நகர்த்தி மெதுவாக வேகம் எடுக்கவேண்டும் என்று எத்தனை பையன்களுக்குச் சொல்லியிருப்பேன்! அந்தப் புத்தி அன்றைக்கு எங்கே போனதோ, கேட்டைத் திறந்ததும் தலைதெறிக்க ஓடினேன். நாலு வீடு தாண்டித் தபால்பெட்டியைக் கட்டிப்பிடித்து நின்றேன். கறிக்கடை கெவ் வேனை நிறுத்தி, யார் துரத்துவது என்று விசாரித்தான். பதில் சொல்ல மூச்சில்லை. அவன்தான் என்னைக் கிளெனிஸின் குழுவில் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

கிளெனிஸை உனக்குத் தெரியும், முடிவெட்டும் கடை வைத்திருப்பவள். செவ்வாய், சனி காலையில் கடற்கரைப் பாதையில் புதிதாக ஓடுகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறாள். ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை, வாரம் போகப் போக ஓட்டம் கூடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு சட்டம் வைத்திருக்கிறாள். ஓடும்போது பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியம் பேசவேண்டும். பேச முடியாவிட்டால் வேகம் அதிகம் என்று அர்த்தமாம். உடனே நடக்க விட்டுவிடுவாள்.

என் நிலைமையை யோசித்துப் பார். எனக்கு மூச்சு இருந்தது, பேச்சுதான் இல்லை. நல்லாபோர் பாலைவனத்தில் தன்னந்தனியாக எஞ்சினில் உட்கார்ந்திருந்தவனுக்குப் பேச்சு எங்கிருந்து வரும்? வாயை மூடிக்கொண்டு அழகாக ஓடிக்கொண்டிருப்பேன், கிளெனிஸ் பின்னாலேயே வந்துவிடுவாள். "பேச்சு வரலைன்னா மூச்சு வாங்குதுன்னு அர்த்தம். நடங்க மெர்வ்." மூச்சு வாங்கவில்லை என்று தலையை ஆட்டுவேன். தலையை ஆட்டினால் செல்லாது என்பாள். மூன்று வாரம், குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு வரும் பெண்களோடு கடைசியில் நடந்தேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல் பிம்பா, கிங்கூன்யா, டார்கூலா, பார்ட்டன், ஊல்டியா என்று குக் என்ற ஊர் வரைக்கும் ஸ்டேஷன் பெயர்களைச் சத்தமாக ஒப்பித்தேன். அது வாக்கியமில்லையாம். மறுபடி நடை.

நடுவில் மேக்பை பறவையின் தொல்லை வேறு. கழிமுகத்தருகே இருக்கும் யூகலிப்டஸ் மரத்தில் அது கூடு கட்டியிருக்கிறது. போகிற வருகிறவன் மண்டையையெல்லாம் கொத்துகிறது, என் மண்டைமேல் மட்டும் அதற்குத் தனி ஆசை. பார்க்கிறவனை அது கொத்தாதாம், அதனால் நாலு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாவைக் கவிழ்த்துப் பின்பக்கம் இரண்டு கண் வரைந்து தலையில் கட்டிக்கொண்டு ஓடினேன். கெவ், டப்பாவில் இருக்கும் முகம்தான் என் முகத்தைவிடக் கலகலப்பாக இருக்கிறது என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன், என்ன செய்ய?

இனி எழுதுவதுதான் கஷ்டம். போன சனிக்கிழமை ஏழாவது வாரம், நிற்காமல் இருபது நிமிஷம் ஓடவேண்டும். டப்பாவை வீட்டில் மறந்துவிட்டேன். கெவ் தன் வீட்டுக் கதை, கடைக் கதை எல்லாம் தீர்ந்துபோய், சும்மா வாயைக் கிளற உன் அம்மாவைப் பற்றிக் கேட்டான்: "லொரெய்ன் உன்கூட இத்தன வருஷம் எப்படித்தான்யா இருந்தா?"

"அவ பேசுவா. நான் கேட்டுக்கிட்டிருப்பேன்," என்றேன்.

இரண்டு முழு வாக்கியம். கிளெனிஸ் கையைக் காட்டி ஓடச் சொன்னாள். அப்புறம் என்ன ஆச்சுன்னே தெரியல, வாய் நிக்கல. ரயில் ஊருக்குள் வரும்போது உன் அம்மா கிராசிங்கில் பாத்திரம் துடைக்கும் துண்டை ஆட்டிக்கொண்டு நிற்பாள் என்று சொன்னேன். முதல் ஹாரன் கிராசிங்குக்கு, இரண்டாவது அவளுக்கு என்று சொன்னேன். ரெண்டாவது அடிக்கக்கூடாது, சட்டப்படி தப்பு. ஆனா நான் அவகிட்ட பேசினதெல்லாம் அதுதானே? அவ போனப்புறம் எட்டு மாசம் வேலைக்குப் போனேன், ஜெனைன். அந்த கிராசிங்ல ஒரு தடவதான் அடிச்சேன். இதையும் சொன்னேன். சொல்லி முடித்தபோது பழைய பாலத்தருகே நின்றிருந்தோம். இருபத்தாறு நிமிஷம் ஆகியிருந்தது, யாருமே நிறுத்தச் சொல்லவில்லை. என் காதில் ரத்தம். மேக்பை எப்போது கொத்தியதென்று எனக்குத் தெரியாது. கெவ் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இதற்குத்தான் விடுகிறேன். அடக்கத்தன்று சர்ச்சில் உன் அம்மாவைப் பற்றிப் பேசக் கூப்பிட்டபோது மேடையில் ஏறி, சும்மா நின்று, இறங்கி வந்தவன் நான். "அம்மாவப் பத்தி ஒரு வார்த்தகூட வரலையாப்பா?" என்று வாசலில் கேட்டாய். இரண்டு வருஷமாக அது என் காதிலேயே இருக்கிறது. உனக்குச் சொல்லியிருக்க வேண்டியதைக் கறிக்கடைக்காரனிடமும் முடிவெட்டுகிறவளிடமும் கொட்டிவிட்டேன். அது எனக்கு வெட்கமாக இருக்கிறது. இனி அந்தப் பாதைக்கு எந்த முகத்தோடு போவேன்? அதனால் காலணி உனக்கே. பதில் எழுத வேண்டாம், வருவதற்கும் சிரமப்பட வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். கண்ட நேரத்தில் சாப்பிடாதே. கூரை ஒழுகினால் வீட்டுச் சொந்தக்காரரிடம் எழுத்தில் கேள். நீ எல்லா நலமும் பெற்று நன்றாக இருக்கவேண்டும் என்று விரும்பும்,

உன் அப்பா,
மெர்வின் ஹாக்லி.

பி.கு: பார்சலில் இருப்பது என் காலணி அல்ல. அது என் காலில் இருக்கிறது, இன்று காலைகூடப் போய்விட்டு வந்தேன். உள்ளே இருப்பது புதிய ஜோடி. அளவு ஏழரை, உனக்கும் அம்மாவுக்கும் ஒரே அளவுதானே. கூட இருக்கும் ஐஸ்கிரீம் டப்பாவைக் குப்பை என்று தூக்கிப் போட்டுவிடாதே, அது உன் தலைக்கு. கண் நானே வரைந்தேன். அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை குழுவோடு ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறோம், வா. என் இடது பக்கம் ஓடு, வலது காது எஞ்சின் சத்தத்தில் போய்விட்டது. நடுவில் என் பேச்சு நின்றால், மூச்சு வாங்குகிறது என்று நினைத்து நடக்க விட்டுவிடாதே. கொஞ்சம் பொறு. மறுபடி பேசுவேன்.