கெட்டுப்போகாத வாரம்

வெள்ளிக்கிழமை வந்தும் சலவைக்கடையில் எதுவும் கெட்டுப்போகவில்லை. கவுண்டரில் இருந்தவனுக்கு அதுதான் கவலை.

மாலை வகுப்பு டீச்சர் அந்த வாரம் ஓர் ஆங்கிலச் சொல்வழக்கு கொடுத்திருந்தார்: 'கான் பேர் ஷேப்டு'. காரியம் குளறுபடியானால் அது பேரிக்காய் வடிவத்துக்குப் போய்விட்டதாம். நிஜமாகவே ஏதாவது சொதப்பும்போது அதைச் சொல்லிவிட்டு வரவேண்டும். சொல்லாதவர்களுக்கு அடுத்த வகுப்பில் இடமில்லை. இன்று மாலை கடைசி.

அவனுக்குத் தன்மேல் எதிலுமே நம்பிக்கை கிடையாது, துணிகளுக்கு டேக் குத்துவதைத் தவிர. ஒவ்வொன்றையும் இரண்டு தரம் பார்ப்பான். சேர்ந்த நாளிலிருந்து ஒரு கைக்குட்டைகூட மாறியதில்லை.

"ஒரு தப்பும் நடக்க மாட்டேங்குதுக்கா," என்று நேற்று வகுப்பு விஷயத்தைச் சொல்லி இஸ்திரி போடும் அக்காவிடம் புலம்பினான்.

அவள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். "நடக்கும் தம்பி. கவலப்படாத."

மதியம் வக்கீல் வந்து நின்றார். காலையில் இங்கே வாங்கிப்போய்ப் போட்டிருந்த கறுப்புக் கோட்டில் விரல்நுனிகூட வெளியே தெரியவில்லை. அவன் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டு, டேக்கை இரண்டு தரம் பார்த்து, வேறொரு கறுப்புக் கோட்டைக் கொடுத்தான். அளவு கச்சிதம். கோர்ட்டுக்கு நேரமாகிவிட்டதென்று வக்கீல் ஓடினார். அவர் தெரு திரும்பும்போதுதான் முதுகில் ஓட்டல் பெயர் தங்க நூலில் மின்னியது.

பின்னாலேயே ஓடினான். அவர் ஏறிய ஆட்டோ போய்விட்டது. திரும்பி வந்தால், கச்சேரிக்கு டிரம்பெட் வாசிப்பவர் வக்கீலின் கோட்டுக்குள் மூச்சுவிட முடியாமல் நின்றுகொண்டிருந்தார். கழற்ற உதவப் போனான். தையல் பிரிந்தது. போனில் ஓட்டல் மேனேஜர் யூனிஃபார்ம் கோட் எங்கே என்று கத்திக்கொண்டிருந்தார்.

முதலாளி உள்ளேயிருந்து வந்தார். "என்னய்யா நடக்குது இங்க?"

வேலை போகப்போகிறது என்று தெரிந்தது. ஆனாலும் வாயில் அதுதான் வந்தது. "சார், எவ்ரிதிங் ஹாஸ் கான் பேர் ஷேப்டு."

"தமிழ்ல சொல்லு."

"சொதப்பிட்டேன் சார். இங்க சேர்ந்ததுலேர்ந்து முதல் தடவை."

முதலாளி அவனை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்தார். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"நீ டேக்கை மாத்திக் குத்துறது தினமும் உள்ளதுதான், தம்பி. இஸ்திரி போடறப்பவே நான் சரி பண்ணிடுவேன். இன்னிக்கு உனக்குப் பாடம் இருக்குன்னியேன்னு அப்படியே விட்டுட்டேன்."