மண்வாளி அண்ணாச்சியும் சூடான போனும்

எங்கள் பக்கம் நெருப்பை நம்பாதவர்கள் நிறையப் பேர் உண்டு. வெந்நீரைக்கூட நம்பாதவர், எனக்குத் தெரிந்து, மண்வாளி அண்ணாச்சி ஒருவர்தான்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் எங்கள் பட்டாசுக் கம்பெனியில் அவர் போர்மேன், நான் ஆபீஸ் வேலை. எது லேசாகச் சூடானாலும் உடனே நிறுத்த வேண்டும், பக்கத்தில் மண்வாளி வைக்க வேண்டும் என்பது அவர் சட்டம். கம்பெனியில் அது சரிதான், அதனால்தான் நாங்கள் முழுசாக வீடு திரும்புகிறோம். ஆனால் மச்சினன் கல்யாணத்தில் ஓமகுண்டத்துக்குப் பக்கத்திலும் வாளியைக் கொண்டுபோய் வைத்தார். ஐயர் மந்திரத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தீபாவளி லோடு எல்லாம் போனபிறகு கம்பெனி வேனில் மூணாறுக்கு டூர் கிளம்பினோம். அண்ணாச்சியின் மனைவியும் வந்திருந்தார். எனக்கு மதினி முறை. போடியில் ஒரு லாட்ஜில் தங்கினோம். காலையில் மதினி மலையை அண்ணாந்து பார்த்தார், வளைவுகளுக்குப் பயந்து அங்கேயே முடிவு செய்துவிட்டார்.

"நீக போயிட்டு வாங்க. நான் இங்கனயே பஸ்ஸப் பிடிச்சு சாத்தூருக்குப் போயிக்கிடுதேன்."

அண்ணாச்சி முகம் வாடிவிட்டது. சீசன், ஆர்டர் என்று ஓடியே மதினியை எங்கும் கூட்டிப்போகாதவர் அவர். மதினியை வேனில் ஏற்ற ஒரு வழி மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. பழைய பாட்டு ஓடினால் மதினி கூடவே பாடுவார், பாடினால் பயம் மறந்துபோகும். மலையில் சிக்னல் இருக்காது. வேன் கிளம்புவதற்குள் பாட்டுகளை அண்ணாச்சியின் போனில் டவுன்லோடு செய்துவிட வேண்டும். அந்த வேலை என் தலையில் விழுந்தது.

லாட்ஜ் வைஃபை அறையில் வரவில்லை, படிக்கட்டில் வரவில்லை, ரிசப்ஷனில் மட்டும் வந்தது. ரூம் நம்பர் கேட்ட லாகின் பக்கத்தைத் தாண்டினால், போனில் இடமில்லை. அதில் பாதிக்கு இருக்கன்குடி மாரியம்மன் படங்கள். அழிக்கட்டுமா என்று கேட்டேன். அவர் பார்த்த பார்வையில் கேள்வியை வாபஸ் வாங்கிக்கொண்டேன். அதற்குப் பதில் என் கல்யாண வீடியோவை அழித்தார். அதில் அவருக்கு வருத்தமே இல்லை.

அதற்கப்புறமும் பாட்டு இறங்கவில்லை. ஆரம்பிக்கும், கொஞ்சம் ஓடும், நின்றுவிடும். ஆப்பை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். மேனேஜரைக் கெஞ்சி வைஃபை பெட்டியையே அணைத்துப் போடச் செய்தேன். நான் அந்தப் பக்கம் போய்வந்தால் பழைய கதைதான். கடைசியில் காபி குடிக்கப் போவதுபோல் போக்குக் காட்டிவிட்டுத் தூணுக்குப் பின்னால் நின்று கவனித்தேன். அண்ணாச்சி போனின் முதுகைத் தொட்டுப் பார்த்தார். நிதானமாக டவுன்லோடை நிறுத்தினார். சூடு ஆறும்வரை வாசலில் இருந்த பூந்தொட்டி மண்ணில் அதைப் படுக்க வைத்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஓடிப்போய் என்ன இது என்று கேட்டேன்.

"சூடாகுது தம்பி. சூடான பொருள ஓட விட்டு எனக்குப் பழக்கமில்ல."

பாட்டு இறங்கும்போது போன் சூடாகத்தான் செய்யும், நிறுத்தினால் மதினி பஸ் ஏறிவிடுவார் என்றேன். மதினி பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் தயாராக உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி அவரையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

"போடுங்க, பாத்துக்கிடுவோம்."

மேனேஜர் உட்பட எல்லாரையும் ரிசப்ஷனை விட்டு வெளியே அனுப்பினார். போனை மேஜையில் வைக்கவும் விடவில்லை. வெடித்தால் தன் கையோடு போகட்டும் என்று தானே பிடித்துக்கொண்டார். நெற்றியில் வியர்வை வழிந்தது, போனை மட்டும் விடவில்லை. கடைசிப் பாட்டு இறங்கியபிறகுதான் மூச்சு விட்டார்.

போனில் பாட்டு ஒலித்ததும் மதினி பையோடு வேனில் ஏறிவிட்டார். கொண்டை ஊசி வளைவுகளில் கண்ணை இறுக மூடிக்கொண்டு பாட்டுப் பாட்டாகப் பாடினார். சுருதி சேரவில்லை, யாரும் குறை சொல்லவில்லை. போடிமெட்டில் இறங்கிக் கண்ணைத் திறந்தால், காலுக்குக் கீழே மேகம். ஆசை தீரப் பார்த்துவிட்டு அண்ணாச்சியிடம் திரும்பினார்.

"அடுத்த வருசமும் வருவோமா?"

அண்ணாச்சி முகமெல்லாம் மலரத் தலையை ஆட்டினார். அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே இன்னும் எத்தனை லாட்ஜில் வேண்டுமானாலும் வைஃபைக்காகக் கால் கடுக்க நிற்கலாம் என்று எனக்குத் தோன்றியது.