வீட்டில் நன்றாக வரும் பாட்டு

"வீட்ல நல்லா வந்துச்சு டீச்சர்," என்றார் மருந்துக் கடைக்காரர்.

பியானோ டீச்சர் இந்த ஒரு வாக்கியத்தைப் பதினேழு வருடங்களாகக் கேட்டுவருகிறார். ஏழு வயதுக் குழந்தைகள் சொல்வார்கள், கூட வந்த அம்மாக்கள் சாட்சி சொல்வார்கள். ஆனால் நாற்பத்தெட்டு வயது மனிதர், டாக்டர்களின் கோழிக் கிறுக்கலையே தப்பில்லாமல் படிக்கத் தெரிந்தவர், அதைச் சொல்வது இதுதான் முதல் தடவை.

வாசித்தது ஒன்றும் பெரிய பாட்டு அல்ல. எல்லாப் பியானோ வகுப்பிலும் முதலில் சொல்லிக்கொடுக்கிற சின்னப் பாட்டு. மொத்தம் முப்பத்திரண்டு சுரம். முதுகு நேராக இருந்தது. விரல்கள், உள்ளங்கைக்குள் எலுமிச்சம்பழம் இருப்பதுபோல் அழகாக வளைந்திருந்தன. புறங்கை மேல் டீச்சர் வைத்த நாணயம் கடைசிவரை விழவில்லை. தாளம் மயிரிழை பிசகவில்லை. சுரங்கள் மட்டும், வேறு யார் வீட்டு விசேஷத்துக்கோ போகவேண்டியவை வழி தப்பி இங்கே வந்துவிட்டதுபோல் இருந்தன.

"இன்னொரு தடவை வாசிங்க சார்."

வாசித்தார். இந்த முறை வேறு முப்பத்திரண்டு.

"வீட்ல ஒரு தப்புகூட வரல டீச்சர். என் மச்சினன் ஒரு சின்ன கீபோர்டு வாங்கிக் கொடுத்திருக்கான். அதுலதான் வாசிக்கிறேன். சத்தியமா."

டீச்சர் காலண்டரைப் பார்த்தார். காரணம் இருந்தது. பெரியவர்களுக்கான வகுப்பில் ஆறு பேர் சேர்ந்தார்கள். ஒருவர் ஊர் மாறினார், இருவர் வேலை மாறினார்கள், இருவர் மனம் மாறினார்கள். மிச்சம் இவர். இசைப் பள்ளி மேனேஜர் போன வாரமே சொல்லிவிட்டார்:

"மூணு வாரத்துல ஆண்டு நிகழ்ச்சி, மேடம். கமிட்டித் தலைவரே வர்றார். உங்க ஆளு அந்த ஒரு பாட்டை ஒழுங்கா வாசிச்சா வகுப்பு நடக்கும். இல்லேன்னா இந்த ரூம் டிரம்ஸ் வகுப்புக்குப் போயிடும்."

டிரம்ஸ் மாஸ்டர் அன்றே டேப்போடு வந்து அறையை அளந்துவிட்டுப் போனார். டீச்சரின் வேலையில் பாதி அந்த அறையில்தான் இருந்தது.

சரி, பயம்தான் கோளாறு என்று டீச்சர் முடிவு கட்டினார்.

"நீங்க கட்டையைப் பார்த்துப் பார்த்தே பயப்படறீங்க சார். கீழே பார்க்காதீங்க. எதிர்ல சுவரைப் பாருங்க."

மருந்துக் கடைக்காரர் சுவரைப் பார்த்தார். அதுவரை பக்கத்துத் தெருவில் அலைந்துகொண்டிருந்த விரல்கள் இப்போது ஊரைவிட்டே போய்விட்டன.

"பரவாயில்ல. வீட்ல இப்படியே பார்க்காம பழகுங்க."

"ஒரு நாளைக்கு எத்தனை வேளை?"

"மூணு வேளை."

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"எப்ப வேணும்னாலும் வாசிங்க சார்! வாசிக்கிறதை போன்ல பதிவு பண்ணி எனக்கு அனுப்புங்க."

பதிவு மறுநாளே வந்தது. டீச்சர் அடுப்படியில் நின்றபடி போனைக் காதில் வைத்தார். வைத்தவர், பால் பொங்கியதைக்கூடக் கவனிக்கவில்லை. முப்பத்திரண்டு சுரமும் அதனதன் இடத்தில் இருந்தன. ஒன்றுகூடத் தப்பவில்லை.

பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த கணவர் திரும்பிப் பார்த்தார். "யாரு, நீ வாசிச்சதா?"

"என் ஸ்டூடண்ட்! பார்க்காம வாசிச்சிருக்கார்!"

"பரவாயில்லையே. ஆனா ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே? செங்கல் அடுக்கற மாதிரி இருக்கு. எல்லாம் ஒரே அளவு."

கோபித்துக்கொண்டார். பிறகு இன்னொரு முறை கேட்டார். கணவர் சொன்னது சரிதான். சுரம் இருக்கிறது, உயிர் இல்லை. கோளாறு அங்கேதான்! விரல் பழகிவிட்டது, மனசு பழகவில்லை. அதனால்தான் புது இடத்தில் தடுமாறுகிறார்.

இரண்டாம் வாரம் முழுக்க மனசுக்கு வைத்தியம் நடந்தது.

"ஒரு வரி வாசிக்கறது ஒரு மூச்சு விடற மாதிரி சார். மணிக்கட்டை மெல்ல இறக்கி ஆரம்பிங்க, வரி முடியும்போது மெல்லத் தூக்குங்க. நடுவுல ஏதாவது ஒரு சுரத்துல சாயணும். பேசும்போது ஒரு வார்த்தையை மட்டும் அழுத்தறோம் இல்லையா? 'நீயா எடுத்தே?' இதுல 'நீயா'வை அழுத்தினா சண்டை. 'எடுத்தே'யை அழுத்தினா விசாரணை."

"எங்க வீட்ல ரெண்டையும் அழுத்துவாங்க டீச்சர்."

"வாசிங்க."

அவர் கண்ணை மூடினார். மூச்சை இழுத்தார். மணிக்கட்டு, மாடிப்படி இறங்கும் மகாராணிபோல் இறங்கியது. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. பார்க்கிறவருக்குக் கண்ணீர் வரும். கேட்கிறவருக்கும் வரும், காரணம் வேறு. முன்பெல்லாம் தப்புச் சுரங்கள் தயங்கித் தயங்கி எட்டிப் பார்த்தன. இப்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தன.

"வீட்ல இதைவிட உருக்கமா வந்துச்சு," என்றார் அவர் பரிதாபமாக. அன்றைக்கு அனுப்பிய பதிவிலும் தப்பே இல்லை.

அடுத்து டீச்சருக்குப் பியானோ மேல் சந்தேகம் வந்தது. சுருதி சேர்ப்பவரை வரவழைத்தார். அவர் மூடியைக் கழற்றி, எண்பத்தெட்டுக் கட்டையையும் ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டுவிட்டு எழுந்தார்.

"பியானோ சுத்தம். வாசிச்ச ஆளை வேணா கொண்டாங்க, சுருதி சேர்த்துப் பார்க்கிறேன்."

கோளாறு பியானோவிலும் இல்லை என்றால்? 'நான்தான்!' என்று டீச்சருக்குப் பட்டது. வீட்டில் இல்லாதது, இங்கே இருப்பது, தான் ஒருவர்தானே. அடுத்த வகுப்பில் மருந்துக் கடைக்காரரை உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு வராந்தாவில் நின்றார்.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் வந்தார். "ஏன் மேடம் வெளியில நிக்கறீங்க? உள்ள என்ன சத்தம், யாராவது அலமாரியை நகர்த்தறாங்களா?"

டீச்சர் கதவை மறைத்து நின்றார். "அவர்... விரல் பயிற்சி பண்றார். பாட்டைக் கேக்கறீங்களா? இதோ!" என்று போனை எடுத்துப் பதிவை ஓடவிட்டார்.

மேனேஜர் வாயைப் பிளந்தார். "அடேயப்பா! இவரா? இதை எனக்கும் அனுப்புங்க மேடம். தலைவர் எப்பவும் கடைசி அயிட்டத்துக்குத்தான் வருவார். இவரைக் கடைசிக்கு மாத்திடறேன். அவர் கேக்க வேண்டியது இதைத்தான்!"

மூன்றாவது இடத்தில், குழந்தைகளின் கூச்சலோடு கூச்சலாக முடிந்துபோயிருக்க வேண்டியது, இப்போது தனியாக, தலைவர் முன்னால் என்று ஆனது. தன் கையாலேயே தன் கண்ணைக் குத்திக்கொண்டது டீச்சருக்கு அன்று சாயங்காலம்தான் உறைத்தது.

இனி ஒரே வழிதான் மிச்சம். வீட்டில் நன்றாக வருகிறது என்றால், மேடையையே வீடாக்கிவிட வேண்டும்.

நிகழ்ச்சி அன்று மேடைக்கு மருந்துக் கடைக்காரர் வீட்டு நாற்காலி வந்தது. மேஜை விளக்கு வந்தது. ரப்பர் செருப்பு வந்தது. அவர் கண்ணில் படுகிற மாதிரி முதல் வரிசையில் மனைவியை உட்காரவைத்தார் டீச்சர்.

"நீங்க வீட்ல எப்படி இருப்பீங்களோ அப்படியே இருங்க," என்று அந்த அம்மாளிடம் கேட்டுக்கொண்டார்.

"அப்ப ரெண்டு தடவை 'போதும் நிறுத்துங்க'ன்னு சொல்லணும். பரவாயில்லையா?"

"வேண்டாம், சும்மா இருங்க, போதும்."

குழந்தைகள் வாசித்து முடித்தார்கள். தலைவர் வந்து சேர்ந்தார். ஓய்வுபெற்ற கட்டட கான்ட்ராக்டர். மருந்துக் கடைக்காரர் ரப்பர் செருப்போடு மேடை ஏறி, விளக்கைப் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, டீச்சரைப் பார்த்துச் சிரித்தார். வீட்டிலேயே இருக்கிறமாதிரி இருந்தது அவருக்கு. கண்ணை மூடிக்கொண்டார்.

அரை நிமிடம். கட்டையைப் பார்க்காதது, மூச்சு, மணிக்கட்டு, சாய்வு, எல்லாம் டீச்சர் சொன்னபடி. கடைசிச் சுரத்தில் கை, கொக்கு பறப்பதுபோல் எழும்பியது. சுரங்களைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நல்லது. முதல் வரிசையில் ஒரு கைக்குழந்தை வீறிட்டது என்று மட்டும் சொல்லலாம்.

டிரம்ஸ் மாஸ்டர் சட்டைப்பையில் டேப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

தலைவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் அவசரமாகப் போனை எடுத்து அவர் காதில் வைத்தார். "இது அவர் வீட்ல வாசிச்சது சார். நீங்களே கேளுங்க!"

தலைவர் முழுதாகக் கேட்டார். இன்னொரு முறை கேட்டார். பிறகு மேடை ஏறினார்.

"ஆளு சரி. பாட்டு சரி. சொல்லிக்கொடுத்தவங்களும் சரி. அப்ப கோளாறு எதுல?"

தலைவர் பியானோவை ஒரு தட்டுத் தட்டினார், சுவரில் ஈரக்கசிவு பார்ப்பதுபோல.

"இதுலதான்! குழந்தைங்க வாசிச்சா தெரியாது, அதுங்க கையில எடை இல்ல. பெரியவர் கை பட்டதும் பாரம் தாங்கல. முப்பது வருஷம் கட்டடம் கட்டினவன், எனக்குத் தெரியாதா? பெரியவங்க வகுப்பு தொடர்ந்து நடக்கும். என் செலவுல புதுப் பியானோ!"

கைதட்டல் காதைப் பிளந்தது. கடைசி வரிசையிலிருந்து மறுத்துப் பேச வாயைத் திறந்த சுருதி சேர்ப்பவர், புதுப் பியானோவுக்கும் சுருதி சேர்க்க ஒரு ஆள் வேண்டும் என்பது நினைவுக்கு வந்து, வாயை மூடிக்கொண்டார். டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மருந்துக் கடைக்காரரை நம்பியது வீண்போகவில்லை!

உற்சாகத்தில் மேனேஜர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு முதல் வரிசைக்கு ஓடினார். "கலைஞருடைய துணைவியார் ரெண்டு வார்த்தை பேசணும்!"

அந்த அம்மாள் வெட்கப்பட்டுக்கொண்டே எழுந்து மைக்கை வாங்கினார்.

"புதுப் பியானோவெல்லாம் எதுக்குங்க வீண் செலவு? எங்க வீட்டுக் கீபோர்டையே தர்றேன், எடுத்துக்குங்க. அதுமேல எங்க பூனை குறுக்கே நடந்தாக்கூட இதே பாட்டு ஒரு தப்பில்லாம வருதே!"